மெசேஜ் வராத இரண்டு நாள்

மூன்று வருடங்களுக்கு முன், கர்க்கடக மாதத்து, அதாவது ஆடி மாதத்து, மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில் நடந்தது இது. பாலக்காடு டவுனில் நான் வேலை பார்க்கும் சின்ன அலுவலகத்தில் நடந்தது என்று சொல்லலாம். ஆனால் பாதி நடந்தது, அதுவரை நான் கண்ணால் பார்த்திராத ஓர் ஏலத்தோட்டத்தில். இடுக்கி மாவட்டத்தில், கம்பம்மெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தத் தோட்டம்.

எனக்கு ஊர் நல்லேப்பிள்ளி. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் இந்த வேலையில் சேர்ந்தேன். காலையில் அவளை அனுப்பிவிட்டு, சித்தூர் வழியாகப் பஸ் பிடித்து ஒன்பது மணிக்குள் பாலக்காடு வந்துவிடுவேன். கம்ப்யூட்டர் வேலை என்றுதான் வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். என்ன கம்ப்யூட்டர் வேலை என்று கேட்டால் என் கணவரே கொஞ்சம் திணறுவார்.

உண்மையில் எங்கள் வேலை மழையோடுதான். இடுக்கிப் பக்கம் சில எஸ்டேட்டுகளில், மலைச்சரிவுகளில், மழையை அளக்கும் கருவிகளையும் மண்ணுக்குள் எவ்வளவு ஈரம் ஏறியிருக்கிறது என்று சொல்லும் கருவிகளையும் எங்கள் நிறுவனம் நட்டு வைத்திருக்கிறது. அந்தக் கருவிகள் அனுப்பும் கணக்கை எங்கள் புரோகிராம்கள் வாங்கி, மண் சரியும் ஆபத்து இருக்கிறதா என்று பார்க்கும். பிறகு தினமும் காலை ஆறரை மணிக்கு, அந்தச் சரிவுகளுக்குக் கீழே லயங்களில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருப்பவர்களின் போனுக்கு ஒரு மெசேஜ் போகும். மூன்றே மூன்று வகை. பயம் இல்லை என்று ஒன்று. கவனமாக இருங்கள் என்று ஒன்று. உடனே இடம் மாறுங்கள் என்று ஒன்று; அது மட்டும் ஆறரைக்குக் காத்திராமல் ஆபத்து தெரிந்ததும் போகும். மூன்றாவது வந்தால் எல்லாரும் சர்ச் ஹாலுக்குப் போய்விட வேண்டும் என்று அங்கே எஸ்டேட்டும் பஞ்சாயத்தும் முன்பே பேசி வைத்திருந்தார்கள்.

அந்த மெசேஜ்களின் தமிழை எழுதியது நான்தான். வேலையில் சேர்ந்த முதல் மாதம் ஒரு மதியம் உட்கார்ந்து எழுதியது. சர்க்கார் கடிதம் மாதிரி இருக்கக் கூடாது என்று நினைத்து, ஒவ்வொன்றின் கடைசியிலும் ‘பத்திரமா இருங்க’ என்று சேர்த்துவிட்டேன். அதற்குப் பிறகு தினமும் புரோகிராம் தானாகவே அனுப்பிக்கொள்ளும். நான் அதை மறந்தே போனேன்.

இந்தப் புரோகிராம்களை நாங்கள் தனித்தனிக் கன்டெய்னர்களில் வைத்திருப்போம். கப்பலில் வரும் இரும்புப் பெட்டி இல்லை. ஒரு புரோகிராமையும் அது ஓடுவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய பொட்டலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பல கன்டெய்னர்களைச் சேர்ந்து ஓட்டும் கம்ப்யூட்டர்களின் கூட்டத்துக்கு கிளஸ்டர் என்று பெயர். எங்களிடம் மூன்று கிளஸ்டர்கள். இரண்டு, எங்கோ தூரத்தில் வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர்களில் ஓடின. மூன்றாவது மட்டும் அந்த ஏலத்தோட்டத்து ஆபீசில், ஒரு சின்ன அறையில், இரண்டே பெட்டிகளாக இருந்தது. மலையில் இன்டர்நெட் அடிக்கடி அறுந்துபோகும். அதனால், தயாரான மெசேஜ்களை அது நெட் இருக்கும்போது எங்களிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, சிம் கார்டு போட்ட ஒரு மோடம் வழியாக அங்கிருந்தே அனுப்பும். இந்த மூன்றையும் மேகக் கணினியில் இருக்கும் ஒரு கண்காணிப்புச் சேவையோடு இணைப்பதுதான் அந்த வருடம் எனக்குக் கொடுத்த பெரிய வேலை.

அதுவரை ஏதாவது நின்றுபோனால், யாராவது தற்செயலாகப் பார்த்துச் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். இணைத்துவிட்டால் ஒவ்வொரு கிளஸ்டரும் தன் நிலைமையை நிமிடத்துக்கு ஒரு தரம் அந்தச் சேவைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். எல்லாம் ஒரே திரையில் தெரியும். சரியாக இருந்தால் பச்சை, கோளாறு என்றால் சிவப்பு. சிவப்பானால் என் போன் அடிக்கும்.

முதல் இரண்டு கிளஸ்டர்களை ஒரே நாளில் இணைத்துவிட்டேன். மலையில் இருந்த மூன்றாவதுதான் படுத்தி எடுத்தது. நெட் ஐந்து நிமிடம் அறுந்தாலும் ‘தகவல் வரவில்லை’ என்று என் போன் அலறும். பஸ்ஸில் அலறியது. தோசை ஊற்றும்போது அலறியது. மகளின் பள்ளியில் டீச்சரோடு பேசிக்கொண்டிருக்கும்போது அலறியது. ஓடிப்போய்ப் பார்த்தால், அதற்குள் நெட் வந்து எல்லாம் சரியாகியிருக்கும். இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு செட்டிங்குகளைத் துழாவினேன். அதில் ஒரு கேள்வி இருந்தது. தகவலே வராவிட்டால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? ஆபத்து என்றா, சரி என்றா? நான் ‘சரி’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். ஒரே ஒரு தட்டு. போன் அமைதியாகிவிட்டது.

என்னோடு வேலை பார்க்கும் மூத்தவர் ஒருவர் உண்டு, பாலக்காட்டிலேயே கல்பாத்திக்காரர். நான் செய்து முடிப்பதை அவர் ஒரு தரம் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவரும் பார்த்தார். மூன்றும் பச்சை. “பேஷா இருக்கு, இனிமே நிம்மதியாத் தூங்கலாம்” என்றார். வேலைப் பட்டியலில் அதற்கு நேராக ‘முடிந்தது’ என்று எழுதிவிட்டு, அன்று சாயங்காலம் அலுவலகத்தில் எல்லாருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். மழை பலத்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகத்து லேண்ட்லைன் அடித்தது. நாங்கள் அனுப்பும் மெசேஜின் அடியில் அந்த எண் இருக்கும். ஆனால் யாரும் கூப்பிட்டதில்லை. எடுத்தால் ஒரு பெண் குரல். காற்றிலும் மழையிலும் விட்டு விட்டுக் கேட்டது. ஏலத்தோட்டத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார். இன்று காலை மெசேஜ் வரவில்லை என்றார்.

திரையைப் பார்த்தேன். மூன்றும் பச்சை. மெசேஜ் ஆறரைக்குத் தயாரானதாகவும் பதிவு இருந்தது.

“இங்க எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க. உங்க போன்லதான் ஏதோ கோளாறு. ஒரு தடவ ஆஃப் பண்ணிப் போட்டுப் பாருங்க” என்றேன்.

அவர் இன்னும் ஏதோ கேட்க வந்தார். “அது இல்ல தாயி, நான் கேக்க வந்தது...” என்று ஆரம்பித்தார். எனக்கு வேறு வேலை காத்திருந்தது. ஆஃப் பண்ணிப் போட்டால் வந்துவிடும் என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு மறுபடியும் அதே குரல்.

“தாயி, நேத்துப் பேசுனது நான்தான். கோவிச்சுக்கிராதீக. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வச்சிருறேன். அந்த மெசேஜ் போடுற பொண்ணுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

எனக்குப் புரியவில்லை. எந்தப் பொண்ணு என்று கேட்டேன்.

“தெனமும் காலைல பத்திரமா இருங்கன்னு போடுமே, அந்தப் பொண்ணு. ஒரு நாளு தப்பாது. ஜெபம் முடிச்சு கண்ணத் தொறந்தா அந்த மெசேஜத்தான் பாப்பேன். நேத்தும் வரல, இன்னிக்கும் வரல. எங்க லயத்துல ஒருத்தருக்கும் வரல, எல்லா வீட்லயும் கேட்டுட்டேன். அங்கயும் மழைன்னு டிவில சொன்னாக. பாவம், அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆயிரலயேன்னு மனசு கெடக்கல. கீழ லயத்துல சிக்னல் பத்தாது, பேச முடியாது, எழுத்து மட்டுந்தான் வரும். அதான் ஆபீஸ் மேட்டுக்கு ஏறி வந்து கூப்புடுறேன்.”

அவர் புகார் சொல்லக் கூப்பிடவில்லை. நேற்றும் அதற்குக் கூப்பிடவில்லை. மழையில் மேடு ஏறி வந்து, முகம் தெரியாத ஒருத்தி சுகமாக இருக்கிறாளா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார். நான் அவரைப் பேசவே விடவில்லை.

ஒருத்தருக்கும் வரவில்லை என்ற வார்த்தை அப்போதுதான் மண்டையில் ஏறியது. ஒரு நிமிடம் லைனில் இருக்கச் சொல்லிவிட்டு, மலைக் கிளஸ்டரின் பக்கத்தைத் திறந்தேன். பச்சைதான். அதற்குக் கீழே பொடி எழுத்தில், கடைசியாகத் தகவல் வந்த நேரம் இருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம். அதற்குப் பிறகு ஒரு முணுமுணுப்புகூட இல்லை. ஒன்றரை நாளாக அது செத்துக் கிடந்திருக்கிறது. தகவல் வராவிட்டால் சரி என்று எடுத்துக்கொள் என நானே சொல்லி வைத்திருந்தேன். அது அப்படியே எடுத்துக்கொண்டு, எனக்குப் பச்சை காட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த பக்கத்தைத் திறந்தேன். மலைப் பெட்டிகள் வந்து எடுத்துக்கொள்ளும் என்று செவ்வாய்க்கிழமை மெசேஜும் புதன்கிழமை மெசேஜும் வரிசையில் அப்படியே காத்துக்கிடந்தன. செவ்வாய்க்கிழமையுடையது ‘பயம் இல்லை’. புதன்கிழமையுடையது ‘கவனமாக இருங்கள், முக்கியமான பொருட்களை எடுத்து வையுங்கள்’. மண்ணுக்குள் இருந்த கருவிகளுக்குத் தனி சிம் உண்டு. அவை ஒழுங்காகப் பேசிக்கொண்டுதான் இருந்தன. ஈரத்தின் கோடு மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. இப்படியே மழை பெய்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் அது ஆபத்துக் கோட்டைத் தொட்டுவிடும்.

கல்பாத்திக்காரரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அவர் உடனே தன் மேஜைக்குப் போய், எஸ்டேட் மேனேஜருக்கும் பஞ்சாயத்து மெம்பருக்கும் போன் போட ஆரம்பித்தார். இரண்டும் கிடைக்கவில்லை. மழையில் அந்தப் பக்கத்து டவர்கள் பல விழுந்துகிடந்தன.

நான் போனை எடுத்து உண்மையைச் சொன்னேன். “அம்மா, மெசேஜ் எழுதினது நான்தானுங்க. எனக்கு ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கேன். ஆனா நேத்து உங்ககிட்ட தப்பாச் சொல்லிட்டேன். மெசேஜ் அனுப்புற மெஷின் உங்க தோட்டத்து ஆபீஸ்லதான் இருக்குது. அது ரெண்டு நாளா நின்னு கெடக்குது. நான் சரியாப் பாக்கல.”

திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“நல்லா இருக்கீகல்ல, அது போதும்” என்றார். “இப்ப நான் என்ன செய்யணும், அதச் சொல்லுங்க.”

ஆபீஸ் பூட்டியிருந்தது. மழை என்பதால் கிளார்க் இரண்டு நாளாக வரவில்லை. சாவி மேஸ்திரி வீட்டில் இருக்கும், வாங்கி வருகிறேன் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். அந்தக் கால் மணி நேரம் எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. கல்பாத்திக்காரர் மறுபடி மறுபடி எண்களை அழுத்திக்கொண்டிருந்தார். நான் கோடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை அவர் திரும்பக் கூப்பிடாவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. நான் கேட்கவில்லை.

போன் அடித்தது. “உள்ள வந்துட்டேன் தாயி. ஒரே இருட்டு. ரெண்டு பெட்டி இருக்கு, ஒண்ணுலயும் வெளிச்சம் இல்ல.”

அறையின் சுவரில் இருக்கும் மின்சாரப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். “டிரிப்பர் சுவிட்சு விழுந்து கெடக்கு” என்றார் உடனே. “திங்கக்கிழம பெரிய இடி ஒண்ணு விழுந்துச்சு. அதுல போயிருக்கும். லயத்துல இது எப்பவும் நாங்கதான் தூக்கி விடுவோம். தூக்கவா?”

“கொஞ்சம் பொறுங்க. கை ஈரமா இருக்குதுங்களா? செவுத்துல தண்ணி இறங்குதுங்களா?”

கையைத் துடைத்துக்கொண்டார். மர ஸ்டூல் ஒன்றை இழுத்துப்போட்டு அதன் மேல் நின்றுகொண்டார். சுவர் காய்ந்திருக்கிறது என்றார். தூக்கினார். டப் என்று மறுபடி விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. எங்கேயோ ஈரம் கோத்திருக்கிறது. அறையில் இருக்கும் பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிடச் சொன்னேன். ஜன்னல் ஓரமாகத் தண்ணீர் காய்ச்சும் கெட்டில் ஒன்று இருந்ததாம்; சாரல் அடித்து அதன் பிளக் எல்லாம் நனைந்திருந்ததாம். அதைப் பிடுங்கிவிட்டு மறுபடி தூக்கினார். இந்த முறை நின்றது. பிறகு நான் சொல்லச் சொல்ல, பெட்டிகளின் வயர்களை மட்டும் ஒவ்வொன்றாகச் செருகினார்.

“பச்ச லைட்டு ஒண்ணு. இன்னொரு பச்ச. மோடம்னீகளே, அந்தச் சின்னப் பெட்டில மஞ்சளு மினுங்குது. ஆங், அதுவும் பச்சையாயிருச்சு.”

அடுத்த நிமிடம் என் திரையில் மலைக் கிளஸ்டர் பேசியது. கன்டெய்னர்கள் ஒவ்வொன்றாக எழுந்துகொண்டன. எங்களிடமிருந்து மெசேஜை எடுப்பது, கணக்கு வைப்பது, கடைசியாக மெசேஜ் அனுப்புவது. அது எழுவதற்குள் கல்பாத்திக்காரர் பின்னால் வந்து நின்று, “சித்த நில்லு, சித்த நில்லு” என்று கத்தினார். “பழசு ரெண்டும் வரிசைல நிக்கறது பாரு. அதுன்னா முன்னாடி போகும்?”

அப்படியே விட்டிருந்தால், செவ்வாய்க்கிழமையின் ‘பயம் இல்லை’ இப்போது போயிருக்கும். ஆபத்துக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே நிற்கும்போது, பயம் இல்லை என்று சொல்லியிருப்போம். இரண்டையும் அழித்தேன். பிறகு அவரிடமே எண்ணைக் கேட்டு, அதற்கு மட்டும் ஒரு சோதனை மெசேஜ் அனுப்பினேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ‘பத்திரமா இருங்க’ என்று மட்டும் எழுதினேன்.

“வந்துருச்சு தாயி!” என்று அவர் போட்ட சத்தத்தில் அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

இன்னும் கொஞ்ச நேரத்தில் இடம் மாறச் சொல்லி மெசேஜ் வரலாம், இப்போதே போய் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். “நான் சொன்னா பொம்பளைக கெளம்பிருவாக. ஆம்பளைகளுக்கு மெசேஜ் வரணும். வந்தா காட்டி வெரட்டிருவேன்.”

மதியம் பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் கோடு ஆபத்தைத் தொட்டது. மூன்றாம் வகை மெசேஜ் போனது. ஒவ்வொரு எண்ணுக்கும் போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் வருவதை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த நேரத்தில்தான், நான் ஒரு மாதத்துக்கு முன் மாற்றிய செட்டிங்கைத் திருப்பி மாற்றினேன். தகவல் வராவிட்டால் ஆபத்து.

மூன்று மணி வாக்கில் என் போன் அலறியது. மலைக் கிளஸ்டர் இல்லை. லயத்துக்கு மேலே, சரிவில் புதைத்திருந்த கருவிகளில் ஒன்று பேச்சை நிறுத்தியிருந்தது. ஒரு நிமிடம் கழித்து இன்னொன்று. பாட்டரி தீர்ந்திருக்கும், நனைந்திருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. என்ன நடந்திருக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. கல்பாத்திக்காரர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் ஒரு தகவலும் இல்லை. அவர் எண்ணுக்குப் போட்டால் கிடைக்கவில்லை. ஐந்து மணிக்கு அலுவலகத்து லேண்ட்லைன் அடித்தபோது எடுக்கவே பயமாக இருந்தது.

“உருள் பொட்டிருச்சு தாயி, மல சரிஞ்சிருச்சு” என்றார். குரல் உடைந்திருந்தது. “நாலு வீட்டு அடுப்படி மண்ணுக்குள்ள போயிருச்சு. ஆளுக எல்லாம் இங்கன சர்ச்சு ஹால்லதான் இருக்கோம். ரெண்டு தடவ எண்ணிப் பாத்துட்டோம். ஒருத்தரும் கொறையல.”

அவர் தொடர்ந்து பேசினார். “அதுல ஒண்ணு எங்க அடுப்படி. என் மருமக கைப்புள்ளக்காரி. மூணு மணிக்கு அந்த அடுப்பாண்டதான் புள்ளைக்கு வெந்நி வச்சுக்கிட்டு இருப்பா. இப்ப இங்கன, எம் பக்கத்துல ஒக்காந்துருக்கா. இந்தா, புள்ள கத்துறது கேக்குதா?”

கேட்டது. நன்றாகவே கேட்டது. போனை வைத்துவிட்டு அலுவலகத்திலேயே அழுதேன். வெட்கமாக இல்லை.

மறுநாள் நடந்ததை எல்லாம் எழுதிக் கொடுத்தேன். எந்த செட்டிங்கை, எதற்காக, எப்போது மாற்றினேன் என்பதில் ஆரம்பித்து, செவ்வாய்க்கிழமை வந்த போனில் ஒருவரைப் பேசவிடாமல் வைத்ததுவரை. அந்தக் கடைசி வரியை எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுத மனம் வரவில்லை. கூட்டத்தில் அது வாசிக்கப்பட்டபோது தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன். கல்பாத்திக்காரர் எழுந்து, “பச்சையா இருக்கேன்னு பாத்துட்டு ஒப்புதல் கொடுத்தது நான். என் பேரையும் சேத்துக்கோங்கோ” என்றார். அவர் அப்படிச் சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

யாரும் எங்களை வேலையை விட்டு அனுப்பவில்லை. மலைக் கிளஸ்டருக்குத் துணையாக இன்னொரு இயந்திரத்தை வேறு இடத்தில் வைப்பது என்று முடிவானது. கால் மணி நேரத்துக்கு மேல் எந்தக் கிளஸ்டர் மௌனமாக இருந்தாலும் அதைக் கோளாறாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதி எழுதினோம். நெட் கொஞ்சம் அறுந்தால் அலறாமல், உண்மையிலேயே நின்றுபோனால் மட்டும் அலறுகிற மாதிரி நேரத்தைச் சரிபார்த்து வைக்க எனக்கு மூன்று நாள்தான் பிடித்தது. அந்த மூன்று நாளை நான் முதலிலேயே செலவழித்திருக்க வேண்டும். இதெல்லாம் போக, காலை ஆறரை மெசேஜ் என் போனுக்கும் வருகிற மாதிரி செய்துகொண்டேன். வராவிட்டால் எனக்கும் தெரியும்.

மழை விட்ட பிறகு, அந்தத் துணை இயந்திரத்தை வைப்பதற்காக நானும் கல்பாத்திக்காரரும் கம்பம்மெட்டுக்குப் போனோம். அங்கிருந்து ஜீப்பில் தோட்டத்துக்கு. தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு கம்பத்திலிருந்து வந்த ஜீப்புகள் வரிசையாக நின்றன. குரலை வைத்து நான் உயரமான ஒருவரைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். வந்தவர் என் தோளளவுதான் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஏலக்காய் எடுத்த கை. நகக்கண் எல்லாம் கறுத்திருந்தது. அந்தக் கையால் என் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். “எம்புட்டு ஒல்லியா இருக்கீக. சாப்புடுறீகளா இல்லையா?” என்பதுதான் அவர் முதலில் கேட்டது.

மண் விழுந்த இடத்தைக் காட்டினார். வீடுகளின் முன்பக்கம் அப்படியே இருந்தது. பின்பக்கத்தில் ஆள் உயரத்துக்குச் செம்மண். லயத்தில் இருந்தவர்களுக்கு மேட்டின் மறுபுறம் வேறு வீடுகளை ஒதுக்கியிருந்தார்கள். அங்கே உட்காரவைத்துப் பால் விடாத கட்டன் சாயா கொடுத்தார். மருமகள் குழந்தையை என் மடியில் போட்டாள். அது என் அடையாள அட்டையின் கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

எனக்கு ஒன்றை மறைக்க மனமில்லை. “அம்மா, நான் தினமும் உக்காந்து எழுதறதில்லீங்க. ஒரே ஒரு நாள் எழுதி வச்சது. அப்புறம் மெஷின்தான் தானா அனுப்புது” என்றேன். ஏமாந்துபோவார் என்று நினைத்தேன்.

“ஒரு நாளு எழுதுனாலும் நீங்கதான எழுதுனீக?” என்றார். பிறகு, அதை அத்தோடு விட்டுவிட்டு, அவருக்கு முக்கியமான விஷயத்துக்கு வந்தார். “அது சரி. இடம் மாறுங்கன்னு போட்டீகளே, எங்க மாறணும்னு போடலியே? அன்னிக்கு ரெண்டு குடும்பம் புதுசா வந்தவுக. ரோட்டப் பாத்து ஓடுறாக. சர்ச்சு ஹாலுன்னு பேரப் போட்டு எழுதுங்க தாயி.”

எங்களில் ஒருவருக்கும் தோன்றாத விஷயம். அங்கேயே, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, லேப்டாப்பைத் திறந்து மாற்றி எழுதினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக எழுத்துக்கூட்டிப் படித்துச் சரி என்று தலையாட்டினார்.

இப்போதும் அவரோடு பேசுகிறேன். மாதத்துக்கு ஒரு முறையாவது அவர் மேட்டுக்கு ஏறி வந்து கூப்பிடுவார், இல்லாவிட்டால் நான் ஒரு மெசேஜ் போட்டு வரச் சொல்வேன். என் வேலையும் அதேதான். இன்று எங்களிடம் இருக்கும் கிளஸ்டர்கள் கூடியிருக்கின்றன, ஒவ்வொன்றையும் கண்காணிப்புச் சேவையோடு இணைப்பது இன்றும் நான்தான். அந்தத் தோட்டத்தையே பார்த்துக்கொள்வதற்காகச் சம்பளம் வாங்கிய நான் அந்த இரண்டு நாளும் அதை ஒரு தரம்கூட எட்டிப் பார்க்கவில்லை. பார்த்துக்கொள்ளப்பட வேண்டிய அவரோ, பெயர்கூடத் தெரியாத எனக்கு என்ன ஆயிற்றோ என்று கொட்டும் மழையில் மேடு ஏறி வந்தார் என்பதை நினைக்கும் ஒவ்வொரு தடவையும், யார் போன் செய்தாலும் அவர்கள் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கும் பொறுமை எனக்கு எங்கிருந்தோ வந்துவிடுகிறது.